இரத்தக் கொதிப்பு மருந்தும் ஈறு தடித்தலும்

இரத்தக் கொதிப்புக்கு நெடுநாள் மாத்திரை உண்டு வருவோருள் சிலருக்குப் பல் ஈறுகள் மெல்லத் தடித்துப் பற்களின்மேல் படர்வதுண்டு. இது மருந்தின் பக்க விளைவாக இருத்தல் கூடும். முதன்முதலில் 1939-இல், வலிப்பு நோய்க்குரிய பெனிடாயின் என்னும் மருந்தினால் இத்தகைய வளர்ச்சி உண்டாதல் அறிவிக்கப்பட்டது. 1984-இல் நிபெடிபைன் என்னும் இரத்தக் கொதிப்பு மருந்தும், அதன்பின் அவ்வினத்தைச் சேர்ந்த ஆம்லோடிபைனும் இவ்வியல்புடையனவாக அறியப்பட்டன. 2017-இல் தொடங்கிய இந்திய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பல மாநிலங்களில் முதலில் வழங்கப்படுவது ஆம்லோடிபைனே. ஆதலின் களப் பணியாளர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

காரணம்: இம்மருந்துகள் உயிரணுக்களுக்குள் கால்ஷியம் புகுவதைக் குறைக்கின்றன. இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் குறைவது இதனாலேயாம். ஈற்றிலோ, பழைய நார்ப்பொருளைச் சிதைத்து அகற்றும் வேலை இதனால் தடைப்படுகின்றது. நார்ப்பொருள் மிகுந்து ஈறு தடிக்கின்றது. பல்லில் அழுக்குப் படலம் சேர்ந்து ஈறு அழன்றிருப்பின் வளர்ச்சி மிகும்.

அடையாளம்: மருந்து தொடங்கிய சில மாதங்களில், பெரும்பாலும் முன்பற்களின் இடையேயுள்ள ஈற்று முனைகள் முதலில் பருக்கின்றன. வலி பெரும்பாலும் இராது. தடிப்பு மிகுந்தால் பல் துலக்குவதும் மெல்லுவதும் கடினமாகும், இரத்தம் கசியலாம். பற்கள் விழுந்துவிட்ட இடத்தில் இவ்வளர்ச்சி பொதுவாகக் காணப்படுவதில்லை. காய்ச்சல், சோர்வு, உடல் வெளுத்தல் ஆகியவற்றுடன் ஈறு விரைந்து வீங்கினால் இரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அத்தகையோரைக் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புக.

செய்யத்தக்கவை: நோயாளி அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதே இதில் பெருங்கேடு. ஈற்றுத் தடிப்பு உயிரைப் போக்குவதன்று. கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்போ பக்கவாதத்தையும் மாரடைப்பையும் விளைவிக்கும். எனவே, மருந்தைத் தொடருமாறு கூறி, உண்ணும் மருந்துச் சீட்டுடன் அவரை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் அனுப்புதல் வேண்டும். காரை நீக்கி, நாள்தோறும் இருமுறை பல் துலக்கி வந்தாலே பலருக்குத் தடிப்புக் குறையும். தேவையாயின் மருத்துவர் வேறின மருந்தை அளிப்பார். மாற்றிய சில மாதங்களில் ஈறு சுருங்குவதுண்டு. எஞ்சிய தடிப்பை அறுத்து நீக்கலாம். ஆயினும் அதே மருந்து தொடர்ந்தால் அது மீண்டும் வளரக்கூடும்.

மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கது: ஒரு மருந்து ஓரிடத்தில் நன்மை செய்யும் அதே வினையால் பிறிதோரிடத்தில் தீங்கும் செய்யலாம். அதனை அறிந்து காப்பதே அறிவுடைமை; அஞ்சி மருந்தைக் கைவிடுவதன்று.