குக்கர் போட்டால் கத்தும் இன்வெர்ட்டர்

கேள்வி: வேனில் சோலார், 12 வோல்ட் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர். காற்றாடி ஓடுகிறது, 700 வாட் ரைஸ் குக்கர் போட்டால் கத்திவிட்டு நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா?
– வாசகர், கமுந்திங்

பதில்: முதலில் வயரைப் பாருங்கள். அந்தக் குக்கருக்கு பேட்டரி பக்கம் 60 ஆம்பியருக்கு மேல் ஓடும். வயர் மெலிந்திருந்தாலோ முனை தளர்ந்திருந்தாலோ வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். குக்கர் போட்டவுடன் மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டரின் 12 வோல்ட் முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் வயர்தான் குற்றவாளி. தடித்த வயர், குட்டையாகப் போடுங்கள். பேட்டரி முனையிலேயே 11க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் ஏறவில்லை அல்லது பேட்டரி கிழடாகிவிட்டது. பெரிய இன்வெர்ட்டர் வாங்கச் சொல்வார்கள். இந்த நோய்க்கு அது மருந்தே அல்ல. தைப்பிங் பக்கத்து மழை தெரிந்ததுதானே? வெயில் காணாத நாளில் சோலார் சார்ஜ் சரியாக ஏறாது; அன்று சோற்றை கேஸ் அடுப்பில் வையுங்கள்.