பாங்காக் கிளம்பும் ஆங்கில ஆசிரியர்களுக்கு

தாய்லாந்துக்கு வந்து ஆங்கிலம் கற்பிக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பி.எட். முடித்து ஊரில் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்தவர்கள் பலர். கணவரின் வேலைக்காகப் பாங்காக் வந்து, படித்த படிப்பு வீணாகிறதே என்று தவிப்பவர்களும் உண்டு. தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக வைக்கிறேன். தாராளமாக வாருங்கள், ஆனால் தயாராகி வாருங்கள்.

1. சான்றிதழ் வேலைகளை ஊரிலேயே முடித்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் கிளியரன்ஸ், அட்டெஸ்டேஷன் எல்லாம் கையில் இருக்கட்டும். இங்கே வந்தபின் பல்கலைக்கழகத்தில் ஒரு கையெழுத்து வாங்க அப்பாவை அலைய விடாதீர்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். சான்றிதழில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’, திருமணத்துக்குப் பிறகு எடுத்த அட்டையில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று தாய் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அவை மூன்று பெயர்கள். நோட்டரியிடம் அஃபிடவிட் எடுத்து, அதையும் அட்டெஸ்ட் செய்து கொண்டுவாருங்கள். விமான டிக்கெட் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

2. சுற்றுலா அனுமதியில் வந்து வேலை தேடலாம். வேலை செய்யக் கூடாது. ‘முதலில் வகுப்புக்கு வாருங்கள், விசாவைப் பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. அங்கே போகாதீர்கள். நான்-இமிக்ரன்ட் பி விசாவும் ஒர்க் பெர்மிட்டும் சேர்ந்தால்தான் வேலை சட்டப்படியானது. பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், ஊருக்குத் திருப்பி அனுப்புதல், 2 ஆண்டுகளுக்குப் புதிய பெர்மிட் கிடையாது. அழைத்த பள்ளிக்கும் அபராதம் உண்டு. ஆனால் பெட்டி கட்டுவது நீங்கள்தான்.

3. ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்ற விளம்பரங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அது அநியாயம்தான். அமெரிக்காவில் பிறந்தார் என்பதற்காகவே, பாடம் நடத்தத் தெரியாத இளைஞருக்கு உங்களைவிட அதிகச் சம்பளம் கொடுப்பார்கள். அதற்காக உங்கள் ஊரை மறைக்காதீர்கள், உச்சரிப்பில் வேஷம் கட்டாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் அல்லது டோயிக் எழுதி மதிப்பெண்ணை முன்னால் வையுங்கள். டோயிக் என்றால் குறைந்தது 600 கேட்பது வழக்கம். 120 மணி நேர டெஃபல் பயிற்சியும் உதவும். பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் பெருங்கூட்டமாக வந்து, நன்றாகக் கற்பித்து, நமக்கும் சேர்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்களோடு பழகுங்கள். எந்தப் பள்ளி நேர்மையானது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

4. இதை நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர் நீங்கள். எங்கே கால் தடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ‘பஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் குழந்தை அதன் வாலில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘பஸ்ஸு’ என்னும். தாய்க் குழந்தை ‘பட்’ என்னும், ஏனென்றால் அதன் மொழியில் சொல்லின் கடைசியில் ஸகர ஒலி நிற்காது. லகரமும் நிற்காது, னகரமாகிவிடும். அதனால் உணவகத்தில் கேட்கும் ‘பில்’ இங்கே ‘பின்’, ‘ஃபுட்பால்’ இங்கே ‘ஃபுட்பான்’. அது அலட்சியமல்ல, காது பழகிய வழக்கம். தாய்லாந்து மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது, பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி இல்லை. ‘எ’, ‘தி’ என்ற முன்னொட்டுச் சொற்கள் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அவற்றை எங்கே போடுவது என்று தவித்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். பிறவியிலேயே ஆங்கிலம் பேசியவருக்கு அந்தத் தவிப்பு கிடையாது. ‘அப்படித்தான் சொல்வோம்’ என்று முடித்துவிடுவார். நீங்கள் காரணம் சொல்வீர்கள். நேர்காணலில் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள், தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

5. டெமோ வகுப்பில் குறைவாகப் பேசுங்கள். பிள்ளைகள் பேச வேண்டும். தனியாக ஒரு குழந்தையை எழுப்பிக் கேள்வி கேட்டால் வெட்கத்தில் சுருங்கிவிடும்; தவறாகச் சொல்லி எல்லோர் முன்னும் முகம் இழப்பது இங்கே பெரிய வேதனை. முதலில் வகுப்பே சேர்ந்து சொல்லட்டும், பிறகு இருவர் இருவராக, அதன் பிறகு ஒருவர். நம் ஊர்ப் பழக்கத்தில் குரலை உயர்த்திவிடாதீர்கள். கோபப்படுகிற ஆசிரியர் இங்கே மரியாதையை இழக்கிறார்.

6. பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்குகிறது, இரண்டாம் பருவம் நவம்பரில். ஆகவே மார்ச், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேடுங்கள்.

7. பி.எட். வைத்திருப்பவர்கள் அதன் மதிப்பை உணருங்கள். ஆசிரியர் உரிமம் தருவது குருசபா என்னும் ஆசிரியர் கவுன்சில். கல்வியியல் படிக்காதவர்கள் தற்காலிக அனுமதியில் ஓட்டி, அது முடியும்போதெல்லாம் அடுத்து என்ன என்று கலங்குகிறார்கள். உங்களுக்கு முழு உரிமத்துக்கான வழி சுருக்கம். வந்த முதல் ஆண்டிலேயே அதைத் தொடங்குங்கள்.

8. ஏஜென்சி மூலம் போனால், பள்ளி தரும் தொகையில் ஒரு பங்கு அவர்களிடம் நின்றுவிடும். புதிதாக வருபவர்களுக்கு அது தவறில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: சம்பளம் 12 மாதமா, 10 மாதமா? விசாச் செலவு யாருடையது? வாரத்துக்கு எத்தனை பாடவேளை? தாய்லாந்து மொழியில் உள்ள பிரதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ‘பத்திரமாக வைக்க’க் கொடுக்காதீர்கள்.

9. முதல் சம்பளம் வரும்வரை தாங்கும் பணம் வேண்டும். வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் முதலிலேயே கேட்பார்கள். மனம் தளர்ந்தால் சீலோம் சாலை மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டியது. தாய் மக்களும் திரண்டு வந்து கும்பிடுவார்கள். மனம் நிறையும் நாளும் வரும்: ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பள்ளியில் ‘வாய் க்ரூ’ நடக்கும். பிள்ளைகள் மண்டியிட்டு ஆசிரியர்களுக்கு மலர்த்தட்டு தருவார்கள். அதில் அருகம்புல்லும் இட்லிப்பூவும் கத்தரிப்பூவும் இருப்பது மரபு. அன்று விடுப்பு எடுக்காதீர்கள். அந்த மரியாதைக்கு ஈடாக மறுநாள் பாடத்தை நன்றாகத் தயாரித்துக்கொண்டு போங்கள்.

10. பள்ளி மாறும்போது அவசரம் வேண்டாம். உங்கள் தங்கும் அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டது; வேலை முடிந்தால் அதுவும் முடியும். புதிய பள்ளியின் கடிதம் கைக்கு வருமுன் ராஜினாமா எழுதாதீர்கள். பழைய பள்ளியில் பணிவிலகல் கடிதமும், பெர்மிட்டையும் விசாவையும் ரத்து செய்யும் கடிதங்களும் வாங்கி, பழைய வேலை முடியும் தேதிக்கும் புதியது தொடங்கும் தேதிக்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழாதபடி இரு பள்ளிகளின் அலுவலகத்தாரையும் பேச வையுங்கள்.