வேலை மாறும் முன் வரைபடம் போடுங்கள்

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். சேர்ந்து நாலரை ஆண்டுகள் ஆகியும் பதவி உயர்வு இல்லை. எப்படி வேலை தேடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கண்ணில் படும் விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பிக்காதீர்கள். அடுத்து எந்தப் பதவி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பதவிக்கான பதினைந்து விளம்பரங்களைப் படித்து, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் தகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் ஐஏடிஎஃப் 16949 என்ற தர நிர்ணயத்துக்கான உள்தணிக்கையாளர் பயிற்சியைப் பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. அது இல்லையென்றால் இப்போதே படியுங்கள்.

பயோடேட்டாவில் செய்த வேலைகளை மட்டும் அடுக்காமல், உங்களால் கழிவு எவ்வளவு குறைந்தது, வாடிக்கையாளர் புகார் எவ்வளவு குறைந்தது என்று எண்களோடு எழுதுங்கள். பத்துப் பதினைந்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கும் பழைய சக ஊழியர்களிடம் பேசுங்கள். காலியிடம் வரும் செய்தி பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்க 5 ஆண்டு தொடர் பணி தேவை. சில மாதப் பொறுமை உங்களுக்கு லாபம். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது. தயாராகுங்கள், தயங்காதீர்கள்.