விரால் தன் குஞ்சைத் தின்னுமா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாக அமைந்திருப்பதாலும், உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சிராப்பள்ளி நகரின் ஊடாகவே ஓடுவதாலும், இப்பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு என்றும் குறைவில்லை. அவர்களிடம் வழிவழியாக வந்துள்ள நீர்ஞானம் பெரிதும் மதிக்கத்தக்கது. ஆயினும் அதனோடு கலந்துவிட்ட சில நம்பிக்கைகள் மீனின் வம்சத்துக்கே தீங்கு விளைவிப்பதால், அவற்றைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

விரால் தன் குஞ்சையே தின்னும் என்பது அவற்றுள் பிரதானமானது. மழைக்காலத்தில் ஏரிக்கரைக் கோரையினிடையே செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று நீர்ப்பரப்பில் ஓயாமல் குமிழியிட்டுத் திரள்வதையும், அதனடியிலிருந்து பெரிய விரால் ஒன்று சட்டென எழும்பி வாயைத் திறப்பதையும் காண்கிறவர், தாய் தன் மக்களை விழுங்குகிறது என்றே முடிவுகட்டிவிடுகிறார். இத்தகைய இரக்கமற்ற ஜீவனைப் பிடிப்பதில் என்ன பாவம் என்ற சமாதானமும் கூடவே பிறந்துவிடுகிறது. ஆனால் விராலுக்குச் செவுள்களோடு, காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பொன்றும் தலையின் உட்புறத்தில் உண்டு. மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் வளர்ந்த விரால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துபோகும். அது வாய் திறந்தது பிராணவாயுவுக்காகவே. புல்லையும் பாசியையும் விலக்கி இடம் செய்து, அங்கே மிதக்கும் முட்டைகளையும், பொரித்து வெளிவந்த குஞ்சுகளையும் பெற்ற மீன் காத்து நிற்கிறது. தவளையோ வேறு மீனோ கிட்டே வந்தால் பாய்ந்து கடிக்கிறது. உயிர்த்தவளையை முள்ளில் கோத்து, அக்கூட்டத்தின் மேலே தத்தவிட்டு இழுக்கிற கைதேர்ந்த தூண்டில்காரர் பிடிப்பது, பசியால் வந்த மீனை அன்று, காவல் நிற்கும் மீனை. காவல் போனபின் குஞ்சுகள் கெளுத்திக்கும் தண்ணீர்ப்பாம்புக்கும் இரையாகின்றன. வளரும் குஞ்சுகளுள் பெரியது சிறியதை விழுங்குவதுண்டு என்பது மெய்யே. ஆனால் அந்தப் பழியை, பெற்ற மீனின்மீது சுமத்துவது நியாயமாகாது. அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர் மிகவும் விரும்பும் கிராப்பி மீனிலும், வசந்தகாலத்தில் ஆண்மீனே ஆழங்குறைந்த கரையோரத்தில் முட்டைகளைக் காத்து நிற்கிறது. அப்போது அது எளிதில் அகப்படுவதும் இக்காரணத்தால்தான். செங்குஞ்சுத் திரளைக் கண்டவர் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறிடம் போய்விடுவதே தர்மம்.

ஜிலேபிக் கெண்டை தன் முட்டையை விழுங்கிவிடும் என்பதும் இவ்வாறு எழுந்த அபிப்பிராயமே. வலையில் அகப்பட்ட மீனின் வாயிலிருந்து முட்டைகளோ பொடிக்குஞ்சுகளோ சிதறுவதைப் பலர் கண்டிருப்பர். பெண்மீன் அவற்றை வாயிலேயே வைத்து அடைகாக்கிறது. அந்நாட்களில் பெரும்பாலும் இரையே கொள்வதில்லை. கோடையில் நீர் வாங்கும்போது கரைச்சேற்றில் வட்டவட்டமாகத் தெரிகிற குழிகள் ஆண்மீன் வாயால் தோண்டியவை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952ஆம் ஆண்டில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதனைக் காவிரியின் பூர்விக மீன் என்று எண்ணுவது தவறு. நம் ஏரிகளில் மனக்கூச்சமின்றி வேண்டுமட்டும் பிடிக்கத்தக்க மீன் இதுவே என்பது என் கருத்து.

வற்றிய ஏரியின் சேற்றில் முட்டைகள் காத்துக் கிடக்கும், மழை விழுந்ததும் மீன் தானே உண்டாகும் என்ற நம்பிக்கை இவை யாவற்றினும் கேடானது. ஏனெனில், எவ்வளவு பிடித்தாலும் குறையாது என்ற துணிவை அது கொடுத்துவிடுகிறது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில சின்னஞ்சிறு மீன்களின் முட்டைகள் அவ்வாறு உலர்ந்த மண்ணில் பிழைத்திருப்பது உண்மை. நம்முடைய கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்தச் சக்தி கிடையாது. சேற்றில் புதைந்து, தோலின் ஈரத்தைக் காத்துக்கொண்டு, காற்றைச் சுவாசித்துக் கோடையைக் கடப்பது விராலேயன்றி அதன் முட்டை அன்று. மற்ற மீன்கள் புதுவெள்ளத்தோடு வாய்க்கால் வழியே வந்து சேர்கின்றன. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வாழவந்தான்கோட்டை ஏரிவரை செல்லும் உய்யக்கொண்டான் நீருக்கு மட்டுமின்றி மீனுக்கும் பாதை; நகரத்துக் கழிவுநீர் அதில் கலக்குந்தோறும் அப்பாதையும் அடைபடுகிறது.

கட்லாவும் ரோகுவும் வடநாட்டு நதிகளின் மீன்கள். தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவிலுள்ள அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி வழியே செலுத்தி இவ்வினப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். ஏரிகளில் இன்று கனத்து அகப்படும் கட்லா, பெரும்பாலும் அம்முறையில் பொரிப்பகத்தில் பிறந்து, விரல் நீளக் குஞ்சாகக் கொண்டுவந்து விடப்பட்டதே; குஞ்சு விடாத ஏரியில், எவ்வளவு மழை பெய்தாலும், அடுத்த ஆண்டு அது தானாக உண்டாவதில்லை.