21 கிலோமீட்டரில் ஓர் இயக்கப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘இயக்கம்’ பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பேருந்து, ரயில், மிதிவண்டி என்று எடுத்துக்காட்டுகளை மாற்றிப் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் சூத்திரத்தைத் தவறில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் தொலைவு - கால வரைபடத்தைக் காட்டி, “இங்கே என்ன நடந்திருக்கிறது?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு நானே எடுத்துக்காட்டானேன். 47 வயதில் ஊட்டியில் அரை மாரத்தான் ஓடி, ஏறக்குறைய கடைசியாக வந்து சேர்ந்த என் ஓட்டத்தின் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதினேன். அதில் மாணவர்கள் கற்றதையும் நான் கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மைதானத்தில் தொடங்கியது

எங்களுடையது கடலோரப் பள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருப்பதாகச் சொன்ன மருத்துவர், தினமும் நடக்கச் சொன்னார். மாலையில் குறுவட்டப் போட்டிக்கு மாணவர்கள் பயிற்சி செய்யும் நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நடப்பேன். “டீச்சர், ஒரு சுத்து ஓடித்தான் பாருங்களேன்” என்றாள் ஒரு மாணவி. ஓடினேன். 200 மீட்டர் முடிவதற்குள் மூச்சு முட்டியது. மறுநாளும் ஓடினேன். ஓராண்டில் நிற்காமல் 5 கி.மீ. ஓட முடிந்தது. அதன்பின் அரை மாரத்தான் ஆசை வந்தது.

நாற்பதைத் தாண்டிய ஆசிரியர்கள் யாரேனும் இதைப் படித்துவிட்டு ஓட நினைத்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றையும் பார்த்துக்கொண்டேன். பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் பார்ப்பது நல்லது. தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டு செல்வது அதுதான். எனக்கு அது குறைவாக இருந்ததால், மருத்துவர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை எடுத்த பிறகே தூரத்தைக் கூட்டினேன்.

20 வாரம் பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் சிறு ஓட்டம், ஞாயிறு காலை ஒரு நீண்ட ஓட்டம், மற்ற நாட்களில் ஓய்வு. நீண்ட ஓட்டத்தை 6 கி.மீ.யில் தொடங்கி, சிறிது சிறிதாக 18 கி.மீ. வரை கொண்டுபோனேன். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே பயிற்சிக்கு ஏற்ற வேகம். பேச்சு துண்டு துண்டானால் வேகம் அதிகம் என்று பொருள். எங்கள் ஊரில் மலை கிடையாது. ஏற்றத்துக்கு ரயில்வே மேம்பாலத்தைத்தான் பத்து முறை ஏறி இறங்கினேன்.

மலையில் நடந்தது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘மலையில் ஆக்சிஜன் குறைவு’ என்று வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. பாடமாக நடத்தியபோது எனக்கு அது வெறும் எண். ஓட்டத்துக்கு முதல் நாள், தங்கிய விடுதியின் மாடிப்படி ஏறும்போதே அந்த எண்ணின் பொருள் விளங்கிவிட்டது.

நகரிலிருந்து தலைகுந்தா வழியாகக் காமராஜ் சாகர் அணைப் பக்கம் சென்று, அதே வழியில் திரும்ப வேண்டும். போகும்போது பெரும்பாலும் இறக்கம், வரும்போது ஏற்றம். 3 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் 40 நிமிடம் என்று திட்டமிட்டிருந்தேன்.

காலைக் குளிர், சுற்றிலும் கூட்டம், காலடியில் இறக்கம். எல்லோரும் ஓடும் வேகத்தில் நானும் ஓடினேன். முதல் 10 கி.மீ.யில் திட்டத்தைவிட 13 நிமிடம் மிச்சமாயிற்று. ‘நமக்கு நன்றாகத்தான் வருகிறது’ என்று மகிழ்ந்தேன். திரும்பி ஏறத் தொடங்கியதும் கால்கள் கனத்தன. பைன் மரக் காட்டைக் கடக்கும்போது, காலையில் என்னோடு ஓடியவர்கள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. 15 கி.மீ.க்குப் பிறகு ஓட்டம் நடையாயிற்று. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

வழிநெடுகத் தன்னார்வலர்களான கல்லூரி மாணவர்கள் நின்றிருந்தார்கள். “சூப்பர் மேடம்! இன்னும் கொஞ்சம்தான்!” என்று கைதட்டினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். வளைவைத் திரும்பினால் மறுபடியும் ஏற்றம். அங்கே நின்றவரும் “இன்னும் கொஞ்சம்தான்” என்றார். மூன்றாவது முறை அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ‘கொஞ்சம்தான் என்கிறார்களே, அதுகூட நம்மால் முடியவில்லையே’ என்று தோன்றிவிட்டது. வேனில் ஏறிவிடலாம் என்று நின்றேன்.

குடிநீர் மேசையருகே உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நெசத்தைச் சொல்றேன்மா, இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு. அந்த வளைவு வரைக்கும் ஏத்தம்தான். அதுவரைக்கும் நடங்க. அப்புறம் கொஞ்ச தூரம் ரோடு சமமா இருக்கும், அங்க மெதுவா ஓடுங்க. மணி இருக்கு.”

நான்கு கி.மீ. என்பது நான் நினைத்ததைவிட அதிகம். ஆனாலும் என் கால்கள் நகர்ந்தன. எங்கே நிற்கிறேன், அடுத்து எதுவரை, அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. வளைவு வரை நடந்தேன். அவர் சொன்னது போலவே சாலை சமமாயிற்று. 3 மணி 4 நிமிடத்தில் முடித்தேன்.

வகுப்பறையில் அந்தக் கணக்கு

ஜூலையில் பாடம் தொடங்கியபோது இந்த விவரத்தைக் கரும்பலகையில் எழுதினேன்.

0 - 5 கி.மீ. : 33 நிமிடம்
5 - 10 கி.மீ. : 34 நிமிடம்
10 - 15 கி.மீ. : 45 நிமிடம்
15 - 20 கி.மீ. : 60 நிமிடம்
20 - 21.1 கி.மீ. : 12 நிமிடம்

செயல்பாடு 1: ஒவ்வொரு பகுதிக்கும் வேகம் காணுதல். விடைகள் முறையே மணிக்கு 9.09, 8.82, 6.67, 5, 5.5 கி.மீ. முதல் பகுதியை மீட்டர் / வினாடியாகவும் மாற்றச் சொன்னேன்: 5,000 மீட்டர், 1,980 வினாடி, எனவே 2.53 மீ/வி.

செயல்பாடு 2: சராசரி வேகம். வகுப்பில் பாதிக்கு மேல் ஐந்து வேகங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்து 7.02 என்றார்கள். மொத்தத் தொலைவை மொத்தக் காலத்தால் வகுத்தால் 6.88 வருகிறது. எது சரி, ஏன் வேறுபடுகிறது என்று குழுவாகப் பேச விட்டேன். மெதுவாகச் சென்ற பகுதியில் அதிக நேரம் கழிந்திருக்கிறது. கடைசிப் பகுதி 1.1 கி.மீ. மட்டுமே, எல்லாவற்றையும் சமமாக எண்ணக் கூடாது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

செயல்பாடு 3: இடப்பெயர்ச்சி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால் அது சுழி. “அப்போ டீச்சர் மூணு மணி நேரம் ஓடி எங்கேயுமே போகலையா?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அதன்பின் யாரும் மறக்கவில்லை.

செயல்பாடு 4: அலகு மாற்றம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் தூரம் 26 மைல் 385 கெஜம். 1921-இல் அதுவே நிலையான தூரமாக ஏற்கப்பட்டது. 1 மைல் 1.609344 கி.மீ., 1 கெஜம் 0.9144 மீட்டர் என்று கொடுத்து, 42.195 கி.மீ. வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதில் பாதி 21.0975 கி.மீ.

செயல்பாடு 5: வரைபடம். இதற்கு மைதானம் சென்றோம். ஒவ்வொருவரும் 200 மீட்டர் தடத்தில் ஐந்து சுற்று. முடிந்தால் ஓடலாம், இல்லையென்றால் நடக்கலாம். இணையர் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறிக்க வேண்டும். பிறகு அவரவர் வரைபடத்தை அவரவரே வரைய வேண்டும். உடல்நலக் குறைவு உள்ளவர்களை நேரம் குறிக்கும் பணியில் மட்டும் ஈடுபடுத்தினேன்.

நேர்க்கோடு வரைந்த மாணவி

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். எழுதுவதில் மெதுவானவள். தேர்வுகளில் பாதித் தாள் வெறுமையாக இருக்கும். மணி அடித்ததும் அவளிடமிருந்து தாளை வாங்கிவிடுவேன். அவளுடைய ஏட்டில் எட்டாம் வகுப்பிலிருந்தே நான் எழுதி வந்தது ஒரே குறிப்புதான்: ‘முயற்சி செய்.’

அன்று அவள் ஐந்து சுற்றும் நடந்தாள். முதலில் பாய்ந்து ஓடியவர்கள் மூன்றாவது சுற்றிலேயே தளர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய கோடுகள் என்னுடையதைப் போலவே போகப்போகச் சாய்ந்தன. அவளுக்கு ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அவள் வரைந்ததுதான் வகுப்பிலேயே ஒரே நேர்க்கோடு. ‘சீரான இயக்கம்’ என்பதற்கு அந்தத் தாளையே எல்லோருக்கும் காட்டினேன்.

பிறகு என் வரைபடத்தை அவளிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தாள். நானும் காத்திருந்தேன். 15-க்கும் 20-க்கும் இடையில் விரலை வைத்து, “இங்க கோடு படுத்துக்கிடக்கு டீச்சர். இங்கதான் உங்களுக்கு முடியாமப் போயிருக்கு” என்றாள்.

‘முயற்சி செய்’ என்று நான் எழுதிக்கொண்டிருந்தது, மலையில் எனக்குச் சொல்லப்பட்ட ‘இன்னும் கொஞ்சம்தான்’ போன்றதே என்று அப்போதுதான் உறைத்தது. அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அவள் எங்கே நிற்கிறாள் என்பதை அது அவளுக்குச் சொல்லவில்லை.

அதன்பின் குறிப்பை மாற்றினேன். ‘சூத்திரம் சரி. எண்களைச் சரியாகப் பொருத்திவிட்டாய். நிமிடத்தை வினாடியாக மாற்றும் இடத்தில் நிற்கிறாய். நாளைக்கு அது மட்டும் மூன்று கணக்கு.’ இப்படி எழுத ஒரு ஏட்டுக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். எல்லோருக்கும் தினமும் முடியாது. வாரத்துக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக்கொண்டேன். வகுப்புத் தேர்வுகளில், மணி அடித்த பிறகும் எழுத விரும்புவோருக்குப் பத்து நிமிடம் கொடுக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் எழுதியதை வேறு நிற மையில் எழுதச் சொல்கிறேன். தெரியாமல் விட்டது எது, நேரம் போதாமல் விட்டது எது என்று எனக்குப் புரிகிறது.

காலாண்டுத் தேர்வில் அவள் இயக்கப் பாடத்தின் இரண்டு கணக்குகளையும் எழுதியிருந்தாள். ஒன்று முழுவதும் சரி. மற்றொன்றில் அலகு மாற்றத்தில் தவறு. பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் வெறுமையாக இல்லை.

ஆசிரிய நண்பர்களே, ஓட வேண்டும் என்பதில்லை. உங்களுக்குச் சுலபமாக வராத ஒன்றை, நீந்துவதையோ வீணையையோ புதிய மொழியையோ, ஓராண்டு கற்றுப் பாருங்கள். வகுப்பின் கடைசி இருக்கையிலிருந்து கரும்பலகை எப்படித் தெரிகிறது என்பது புரியும். செயல்பாடு 5-ஐ உங்கள் மைதானத்தில் செய்து பார்த்தால், உங்கள் வகுப்பில் நேர்க்கோடு வரைந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள்.