மாட்டுக்குப் பல், ரிவால்வருக்குப் பூட்டு

அமெரிக்காவில் பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவரின் கண் முதலில் கருநீலப் பூச்சின் மேல்தான் விழும். மாடு வாங்குகிறவர் தோலின் மினுமினுப்பை வைத்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். ரிவால்வருக்கு அந்தப் பல், சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் விதம் என்பேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் அறிமுகமான இந்த வகையைப் பல்லாண்டு சுமந்த காவல் துறைகள், 1980-களிலும் 90-களிலும் பிஸ்டலுக்கு மாறியபோது விற்றுக் கழித்தன. உறையில் உரசிக் குழல்முனை வெளுத்திருக்கும். ஆனால் இடுப்பில் சுமந்த அளவுக்கு அவற்றில் பல சுடப்பட்டதில்லை. புதுப் பூச்சில் பளபளப்பது எதிர்மாறாக இருக்கலாம். பொறித்த எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால், யாரோ தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள்.

ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே சோதனை. சிலிண்டரை ஒரு விரலால் லேசாக இழுத்துப் பிடித்தபடி, சுத்தியைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னிழுக்க வேண்டும். சுத்தி முழுதாக ஏறி நிற்பதற்குள் சிலிண்டர் தன் பள்ளத்தில் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறையில் சரியாக இருந்தால் போதாது, ஆறிலும் பார்க்க வேண்டும். அறையும் குழலும் நேர்படாமல் சுட்டால், ஈயம் சீவப்பட்டு, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவேயுள்ள இடுக்கு வழியே பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். அந்த இடுக்கை மெக்கானிக்குகளின் ஃபீலர் கேஜால் அளக்கலாம்: அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு என்றால் நிம்மதி, 10-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். சிலிண்டரை முன்னே தள்ளி ஒரு முறை, பின்னே தள்ளி ஒரு முறை அளந்தால், அது முன்பின் ஆடும் அளவும் தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் சிறிது ஆடினாலே தேய்மானம்தானே என்பார்கள். ஸ்மித்தில் இம்மி அசைவு இயல்பு. விசையை அழுத்தியிருக்கையில் அசையாமல் நிற்பது பழைய கோல்ட் பைத்தானின் குணம். ஒன்றின் அளவுகோலை மற்றொன்றில் வைக்கக் கூடாது. தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்த்தால் சுடும் ஊசி கெடும் என்று கடைக்காரர் தயங்கலாம். நியாயம்தான், அனுமதி கேட்டு, விசையை அழுத்தியபடி சுத்தியைக் கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்கினாலே பூட்டின் இறுக்கம் தெரியும். 'எல்லாவற்றையும் பழுது பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாதம் பாதி உண்மை. முன்பின் ஆட்டத்தை வளையம் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் குழலின் பின்வாய் விரிசல் கண்டால் குழலையே மாற்ற வேண்டும். அடிப்புறம் மெலிதாகச் சீவப்பட்ட பின்வாயுள்ள பழைய ஸ்மித் மாடல் 19-இல், வேகமான .357 மேக்னம் தோட்டாக்களால் வருகிற கேடு இது. ஆகவே விலை பேசுமுன் டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள். பூச்சுக்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள். விரிசலுக்காகக் குறைத்துக் கேட்காதீர்கள், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.