கியோட்டோவில் ஒரு நாள்: கோயில் சுற்றும் வரிசை

கியோட்டோவில் எந்தக் கோயிலுக்கு முதலில் போவது என்பதை நடை சாத்தும் நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள். பௌத்தக் கோயில்கள் பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்கே மூடிவிடும். பெரிய ஷிந்தோ கோயில்கள் சில இரவும் பகலும் திறந்தே இருக்கும். ஆகவே விடியலும் அந்தியும் ஷிந்தோவுக்கு, நடுப்பகல் பௌத்தத்துக்கு.

காலை ஆறரைக்கெல்லாம் ஃபுஷிமி இனாரியில் இருங்கள். கியோட்டோ ஸ்டேஷனில் ஜேஆர் நாரா லைனின் லோக்கல் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். இறங்கியதும் எதிரே வாசல், கட்டணம் கிடையாது. ‘தோரி’ என்னும் சிவப்பு வாயிலின் முன் தலை தாழ்த்திவிட்டு, பாதையின் ஓரமாக நடக்க வேண்டும், நடுப்பாதை தெய்வத்துக்கு. தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் முதலில் இடது கை, பிறகு வலது கை கழுவி, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளியுங்கள். அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. சந்நிதியில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும்.

ஆயிரக்கணக்கான தோரிகள் 233 மீட்டர் உயர மலை முழுக்க வரிசையாக நிற்கின்றன. அத்தனையும் காணிக்கை; கொடுத்தவர் பெயரும் தேதியும் பின்பக்கத்தில் இருப்பதால் இறங்கும்போதுதான் கண்ணில் படும். எல்லோரும் அடிவாரத்திலேயே படம் எடுத்து நெரிசலாக்குகிறார்கள். நீங்கள் யோட்சுட்சுஜி சந்திப்பு வரை ஏறுங்கள். அங்கிருந்து நகரம் தெரியும். மலையைச் சுற்றி முடிக்க இரண்டு மணி நேரம் வேண்டும், இன்று அது தேவையில்லை.

திரும்பும் வழியில் ஒரே நிறுத்தம் தொஃபுக்குஜி, 1236-இல் தொடங்கிய ஜென் கோயில். இலையுதிர்கால மேப்பிள் மரங்களுக்குத்தான் கூட்டம் அலைமோதும். எனக்கோ 1939-இல் ஷிகெமோரி மிரெய் அமைத்த தோட்டம்தான் பெரிது. பாசியும் கல்லும் சதுரங்கக் கட்டங்களாகத் தொடங்கி, போகப்போகக் கரைந்து மறையும்.

அங்கிருந்து கெய்ஹான் ரயிலில் ஒரு நிறுத்தம் ஷிச்சிஜோ. சில நிமிட நடையில் சான்ஜூசான்கென்டோ. ஒரு நாளில் ஒரே இடம்தான் முடியும் என்றால் இதைத்தான் பாருங்கள். தீக்கிரையான பின் 1266-இல் மீண்டும் எழுந்த, சுமார் 120 மீட்டர் நீள மரக்கூடம். நடுவில் அமர்ந்த கன்னோன், இருபுறமும் நின்ற கோலத்தில் ஆயிரம். நம் ஊரில் அவலோகிதேஸ்வரர் என்போமே, அவர்தான். முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். இந்திரன், பிரம்மா, புல்லாங்குழல் ஊதும் கருடன் எல்லோரும் இருக்கிறார்கள். அவசரமில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. எந்தப் பௌத்தக் கோயிலிலும் கை தட்டாமல், கூப்பி வணங்கினால் போதும். செருப்பைக் கழற்ற வேண்டும், வாசற்படியை மிதிக்கக் கூடாது. இதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலத்தில் தரை சில்லிடும், தடித்த காலுறை போட்டுப் போங்கள்.

மதியம் சைவம் தேடுவோர் கவனிக்க: காய்கறி உடோன் நூடுல்ஸின் சாற்றிலும் பெரும்பாலும் மீன் இருக்கும். துறவிகளின் ‘ஷோஜின்’ சமையல் பரிமாறும் கடையை முன்பே பார்த்துவையுங்கள்.

பிற்பகலில் கியோமிசுதேரா. அரை மணி நடை, கடைசிப் பகுதி ஏற்றம். இப்போதைய பிரதான மண்டபம் 1633-இல் கட்டியது. 13 மீட்டர் உயரத்தில் மரத்தூண்கள் தாங்கும் மேடை மலைச்சரிவின் மேல் நீண்டு நிற்கும். கீழே ஒட்டோவா அருவியின் மூன்று தாரைகளில் ஒன்றில் மட்டும் பிடித்துக் குடியுங்கள்.

கோயில் முத்திரையும் கையெழுத்தும் வாங்க விரும்பினால் அதற்கான ‘கொஷுயின்’ புத்தகத்தைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். சாதாரண நோட்டை நீட்டுவது மரியாதை அல்ல. முத்திரைக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் சில்லறை தேவைப்படும். 500, 600 யென் என்ற அளவில்தான் கட்டணம்.

சன்னென்சாகா, நினென்சாகா படிகளில் இறங்கி நடந்தால் யசாகா கோயில். விளக்கேற்றும் வேளையில் சேர்ந்தால் போதும், அது மூடுவதில்லை.

பொன் வேய்ந்த கின்காக்குஜியையும் இதே நாளில் திணிக்காதீர்கள். அது நகரின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அதற்கு இன்னொரு காலையை ஒதுக்குங்கள்.